குதிகால் வலிக்கு ஸ்டீராய்டு ஊசி: சர்க்கரை இருக்கிறவங்க போடலாமா?

கொள்ளிடம் கேட்டது:

வணக்கம். அம்மாவுக்கு வயது 58. வலது குதிகாலில் ஏழு மாதமாக வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் நாலு அடி வைக்கும்போது உயிர் போகிறது என்கிறார். கொஞ்சம் நடந்தால் விட்டுப்போகும். அடுப்படியில் ஒரு மணி நேரம் நின்றால் திரும்ப வந்துவிடும். எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பில் முள் வளர்ந்திருக்கிறதாம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பிளான்டார் ஃபேசியா 5.8 மி.மீ. தடிமன் என்று போட்டிருக்கிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுக்கிறார், கடைசி எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 8.4.

எலும்பு டாக்டர் கெனாகார்ட் ஊசி ஒன்று போடலாம் என்கிறார். பக்கத்து வீட்டில் அது ஸ்டீராய்டு, எலும்பை அரிச்சிடும் என்று பயமுறுத்திவிட்டார்கள். ஊசி போட்டால் முள் கரையுமா? சர்க்கரை எவ்வளவு ஏறும்? ஒன்று போட்டால் போதுமா, தொடர்ந்து போடணுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

எலும்புமூட்டு_ஓபி:

முதலில் முள்ளை மறந்துவிடுங்கள். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு எக்ஸ்ரே எடுத்தால் அந்த முள் இருக்கும். ஊசி அதைக் கரைக்காது, கரைக்க வேண்டிய அவசியமும் இல்லை. வலி வருவது குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை ஓடும் உள்ளங்கால் பட்டையிலிருந்து. அதைத்தான் பிளான்டார் ஃபேசியா என்கிறார்கள். 4 மி.மீ. தாண்டினாலே தடித்திருக்கிறது என்று கணக்கு, 5.8 என்றால் சந்தேகமில்லை.

ஊசியிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்பதில் தெளிவாக இருங்கள். 2012-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு நல்ல ஆய்வில் 82 பேரை இரண்டு பிரிவாக்கி, ஸ்கேன் பார்த்தபடி ஒரு பிரிவுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் மறு பிரிவுக்கு வெறும் உப்புநீரும் போட்டார்கள். 4 வாரத்தில் ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. 8 வாரத்திலும் 12 வாரத்திலும் இரண்டு பிரிவுக்கும் வலியில் பெரிய வித்தியாசம் இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2017-ல் வந்த காக்ரேன் தொகுப்பும் இதே கதைதான்: ஒரு மாதம் வரை கொஞ்சம் குறையும், அதற்குப் பிறகு நிரூபணம் இல்லை. ஆக, அம்மாவுக்குக் கிடைப்பது ஒரு மாத அவகாசம். அந்த மாதத்தில் காலுக்கு என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் மீதி எல்லாம் இருக்கிறது.

எலும்பை அரிக்கும் என்ற பயம் மாதக்கணக்கில் மாத்திரையாக விழுங்குகிறவர்களுக்குப் பொருந்தும். குதிகாலில் ஒரு ஊசிக்கு அந்தக் கவலை வேண்டாம். இங்கே கவலைப்பட வேண்டியவை வேறு இரண்டு.

ஒன்று, பட்டை அறுந்துபோவது. ஸ்டீராய்டு வீக்கத்தை அடக்குவதோடு நார்களையும் பலவீனமாக்கும். போட்ட சில வாரங்களில், வலி இல்லையே என்று ஓடினாலோ, படியில் தாவி இறங்கினாலோ உள்ளங்காலில் பட்டென்று ஒரு சத்தம் கேட்கும். வலி குதிகாலை விட்டு நடுப்பாதத்துக்கு நகரும்; மறுநாள் உள்ளங்காலில் ரத்தம் கட்டி நீலம் பாயும். வேடிக்கை என்னவென்றால் பழைய காலை வலி அன்றோடு போய்விடும், அதனால் ‘ஊசி கேட்டுடுச்சு’ என்று சிலர் நினைத்துக்கொள்வார்கள். பின்னால் பாத வளைவு இறங்கி, பாதத்தின் வெளிப்பக்கம் வலிக்கத் தொடங்கும்போதுதான் விஷயம் தெரியும்.

இரண்டாவது, குதிகாலின் கொழுப்பு மெத்தை கரைவது. மருந்து பட்டைக்குக் கீழே, மெத்தைக்குள் போனால் அது சுருங்கிவிடும். பிறகு தரையில் எலும்பே முட்டுகிற மாதிரி நாள் முழுக்க வலி. இதைத் திரும்ப வளர்க்க நம்பகமான வழி இல்லை. அதனால்தான் உள்ளங்காலில் நேராகக் கீழிருந்து குத்தக் கூடாது என்கிறோம். குதிகாலின் உட்பக்கத்திலிருந்து, மெத்தைக்கு மேலாக, எலும்பை ஒட்டி ஊசி போக வேண்டும். கீழிருந்து குத்தினால் தாங்க முடியாத வலி என்பது வேறு.

அளவு: 40 மி.கி./மி.லி. டிரையாம்சினோலோன் (கெனாகார்ட்டில் இருக்கும் மருந்து இதுதான்) என்றால் அரை மி.லி.யிலிருந்து ஒரு மி.லி., அதோடு 1 அல்லது 2 மி.லி. லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்து. 25 கேஜ், ஒன்றரை அங்குல ஊசி போதும். சிரிஞ்சை அழுத்தும்போது கை எதிர்ப்பை உணர்ந்தால் முனை பட்டைக்குள்ளேயே நிற்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் பின்னால் இழுத்துவிட்டுத்தான் மருந்தை விட வேண்டும். பலவந்தமாக அழுத்தினால் நார் கிழியும்.

எத்தனை ஊசி என்றால், ஒரே இடத்தில் குறைந்தது மூன்று மாத இடைவெளி. குதிகாலில் மொத்தமே இரண்டு, மிஞ்சினால் மூன்று. முதல் ஊசிக்குப் பலனே இல்லை என்றால் இரண்டாவதைக் கேட்காதீர்கள். நோயைச் சரியாகக் கண்டுபிடித்தோமா என்று திரும்பப் பார்க்க வேண்டிய நேரம் அது.

---

இன்சுலின்_நர்ஸ்:

சர்க்கரை பற்றி நான் சொல்கிறேன். ஊசி போட்ட இடத்தோடு மருந்து நின்றுவிடாது, ரத்தத்துக்கும் கொஞ்சம் போகும். சர்க்கரை உள்ளவர்களுக்குப் போட்ட அன்று ராத்திரியே ஏற ஆரம்பித்து முதல் இரண்டு மூன்று நாள் உச்சத்தில் இருக்கும், ஒரு வாரத்துக்குள் பழைய நிலைக்கு வரும். 150-ல் இருந்தவர் 300 தொடுவது சாதாரணமாக நடக்கிறது. ஏற்கெனவே கட்டுப்பாடு சரியில்லாதவர்களுக்கு ஏற்றமும் அதிகம்.

8.4 என்பது எல்லையில் இருக்கிறது. 8 தாண்டினால் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று பல டாக்டர்கள் சொல்வார்கள். குதிகால் வலி அவசரக் கேஸ் இல்லை என்பதால் சர்க்கரை டாக்டரை ஒருமுறை பார்த்துவிட்டு, மருந்தைச் சீர்படுத்திக்கொண்டு போடுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. போடுவதற்கு முன் வீட்டில் குளுக்கோமீட்டர் வேலை செய்கிறதா, ஸ்டிரிப் காலாவதி ஆகவில்லையா என்று பாருங்கள். போட்ட நாளிலிருந்து ஒரு வாரம் காலை வெறும் வயிற்றிலும், மதியம், இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். ஸ்டீராய்டில் காலை சர்க்கரை நன்றாக இருப்பது போல் காட்டி, மதியத்துக்கு மேல் எகிறும். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

300-க்கு மேல் அடுத்தடுத்து இரண்டு தடவை வந்தாலோ, அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி வந்தாலோ டாக்டருக்குப் போன் போடுங்கள். நீங்களாகக் கிளிமிபிரைடை ஒன்று கூட்டிக் கொடுக்கவே கூடாது. ஸ்டீராய்டு வேகம் நாலைந்து நாளில் இறங்கும். கூட்டிய மாத்திரை அப்படியே தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கமாகிவிடும்.

இன்னொன்று, இது முக்கியம். அம்மாவுக்குப் பாதத்தில் மரமரப்பு, எரிச்சல் இருக்கிறதா? செருப்பு கழன்றதே தெரியாமல் நடக்கிறாரா? ஊசி போடுவதற்கு முன்னால் 10 கிராம் மோனோஃபிலமென்ட் வைத்து உணர்ச்சி பார்க்கச் சொல்லுங்கள். தூரிகை நார் மாதிரி ஒரு நைலான் இழை, அது வளையும் வரை உள்ளங்காலில் அழுத்துவார்கள், இரண்டு நிமிட வேலை. உணர்ச்சி இல்லாத காலில் வலியையும் அடக்கிவிட்டால் புண் வந்தாலும், எலும்பு நொறுங்கினாலும் தெரியாது. உள்ளங்காலில் ஆறாத புண்ணோ, விரலிடுக்கில் சேற்றுப்புண்ணோ இருந்தால் அது ஆறும் வரை ஊசி வேண்டாம்.

---

கொள்ளிடம்:

ரொம்ப நன்றி டாக்டர், நன்றி சிஸ்டர். மரமரப்பு கொஞ்சம் இருக்கிறது என்கிறார், ஆனால் செருப்பு தெரிகிறதாம். ஸ்கேன் பார்த்துப் போடணும் என்று சிலர் சொல்கிறார்கள், எங்கள் டாக்டர் கையால் தொட்டுப் பார்த்தே போடுவேன் என்கிறார். அது தப்பா?

---

ஸ்கேன்_அறை:

தப்பில்லை. கைப்பழக்கம் உள்ளவர் குதிகால் உட்புறத்தில் வலிக்கும் புள்ளியைப் பிடித்துப் போட்டால் பெரும்பாலும் சரியான இடத்துக்குத்தான் போகும். ஆனால் ஸ்கேன் இருந்தால் ஊசி முனை திரையில் வெள்ளைக் கோடாகத் தெரியும், மருந்து மெத்தைக்குள் கசிகிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம். இரண்டாவது ஊசி, மெலிந்த மெத்தை, சர்க்கரை என்று ஏதாவது ஒன்று இருந்தால் ஸ்கேனோடு போடச் சொல்லி நான் வற்புறுத்துவேன். உங்கள் அம்மாவுக்கு ஒன்று இருக்கிறது.

ஸ்கேனில் இன்னொரு லாபம்: பட்டை ஏற்கெனவே பாதி கிழிந்திருந்தால் தெரிந்துவிடும். கிழிந்த பட்டையில் ஸ்டீராய்டு போடக் கூடாது.

மருந்து எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிரிஞ்சில் பால் மாதிரி வெள்ளையாக இருந்தால் டிரையாம்சினோலோனோ மெத்தில்பிரட்னிசோலோனோ. அதெல்லாம் கரையாத பொடி, வாரக்கணக்கில் அங்கேயே தங்கும். குப்பியைக் குலுக்காமல் இழுத்தால் மேலே தண்ணீர்தான் வரும், அடியில் மருந்து தங்கிவிடும். தண்ணீர் போலத் தெளிவாக இருந்தால் டெக்ஸாமெத்தசோன். சீக்கிரம் கரைந்து போகும், தோலையும் கொழுப்பையும் அவ்வளவு பாதிக்காது. பாதத்தின் மேற்புறம், விரல் மூட்டு என்று தோல் மெலிந்த இடங்களுக்கு அதை விரும்புகிறவர்கள் உண்டு. பாரபென் (கெடாமல் இருக்கச் சேர்ப்பது) கலந்த லிக்னோகெயினோடு வெள்ளை மருந்தைச் சேர்த்தால் திரிதிரியாகக் கட்டி ஊசியை அடைக்கும். கலந்த பிறகு சிரிஞ்சை வெளிச்சத்தில் ஒருதரம் பார்ப்பது நல்ல பழக்கம்.

நம் நிறத் தோலில் ஊசி போட்ட இடம் வெள்ளையாக வெளுப்பது நன்றாகவே தெரியும். உடனே வராது, ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான் வரும். வெண்குஷ்டம் என்று பயந்து ஓடுவார்கள். பெரும்பாலும் சில மாதங்களில் நிறம் திரும்பும், சிலருக்கு ஒரு வருடம் கூட ஆகும்.

---

ஆற்காடு_வாசகர்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்குக் குதிகாலின் பின்பக்கம், ஷூ உரசும் இடத்தில் வீக்கம். அங்கேயும் இதே ஊசி போடலாமா? கணுக்காலுக்குள் போடுகிறார்களே, அது?

---

எலும்புமூட்டு_ஓபி:

பின்பக்கம் என்றால் குதிநாண், கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைப்பது. அந்த நாணுக்குள் ஸ்டீராய்டு போடவே கூடாது. நம் உடம்பின் எடை முழுக்க அந்த ஒரு கயிற்றில் தொங்குகிறது. அறுந்தால் அறுவை சிகிச்சை, அல்லது பல வாரம் பூட். நாணுக்கும் எலும்புக்கும் நடுவே உள்ள நீர்ப்பையில் மட்டும் வீக்கம் என்றால் ஸ்கேன் பார்த்தபடி அந்தப் பைக்குள் மட்டும் சிலர் போடுவார்கள், நான் அதற்கும் யோசிப்பேன். கைக்கணக்கில் போடுகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். அண்மையில் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக் மாத்திரை எடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்த வகை மருந்துகளே நாணைப் பலவீனமாக்கும், ஸ்டீராய்டோடு சேர்ந்தால் ஆபத்து கூடும். உட்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் ஓடி, பாத வளைவைத் தூக்கிப் பிடிக்கும் நாணுக்கும் இதே எச்சரிக்கை. அது அறுந்தால் பாதம் தட்டையாகிவிடும்.

கணுக்கால் மூட்டுக்குள் போடுவது வேறு கணக்கு. தேய்மானம், முடக்குவாதம் இவற்றுக்கு முன்பக்கமாக, உட்பக்கக் கணுக்கால் எலும்புக்கும் அதை அடுத்து ஓடும் நாணுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் போவோம். 20 முதல் 40 மி.கி. சில வாரம், அதிர்ஷ்டமிருந்தால் சில மாதம் தாங்கும். பெருவிரல் மூட்டுக்கு 10 முதல் 20 போதும், அதற்கு மேல் அங்கே இடமே இல்லை. மூட்டு திடீரென்று சிவந்து வீங்கியிருந்தால் முதலில் நீரை உறிஞ்சிப் பார்க்க வேண்டும். கவுட் (யூரிக் அமிலம் மூட்டில் படிவது) என்றால் படிகம் தெரியும், சீழ் என்றால் ஸ்டீராய்டு போட்டவர் நெருப்பில் நெய் ஊற்றியதாகும். மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் அந்த மூட்டில் ஊசி வேண்டாம், கிருமித்தொற்று வாய்ப்பு கூடுகிறது.

3, 4-ஆவது விரல்களுக்கு நடுவே எரிச்சலோடு, கூழாங்கல்லை மிதித்த மாதிரி வலி என்றால் அது நரம்புத் தடிப்பு. அதற்குப் பாதத்தின் மேற்புறத்திலிருந்து போடுவோம்.

---

மருந்தில்லா_வைத்தியம்:

எதுக்கு இந்த ஸ்டீராய்டு எல்லாம்? ரத்தம் எடுத்துப் பிரிச்சுப் போடுற பிஆர்பி போடுங்க, நிரந்தரமா குணமாகும்.

---

எலும்புமூட்டு_ஓபி:

நிரந்தரம் என்று யாரும் எழுதித் தர முடியாது தம்பி. மூன்று முதல் ஆறு மாதக் கணக்கில் பிஆர்பி ஸ்டீராய்டை விட நன்றாக இருந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன, எல்லா ஆய்வும் சொல்லவில்லை. ஒவ்வொரு இடத்திலும் தயாரிக்கும் முறை வேறு. சர்க்கரையை ஏற்றாது, பட்டையைப் பலவீனமாக்காது என்பது நிஜமான நன்மை. ஆனால் முதல் சில வாரம் வலி கூடத்தான் செய்யும், செலவும் அதிகம். பட்டைப் பயிற்சியே செய்யாதவருக்கு எதைப் போட்டாலும் ஒன்றுதான்.

---

இயன்முறை_ஆலோசகர்:

கடைசி வரியைப் பிடித்துக்கொள்கிறேன். கொள்ளிடம், ஏழு மாதத்தில் அம்மா என்ன பயிற்சி செய்தார் என்று நீங்கள் எழுதவே இல்லை. சுடுதண்ணீரில் கால் வைத்ததைத் தவிர ஒன்றும் இல்லை என்று யூகிக்கிறேன். (மரமரப்பு இருக்கிறது என்கிறீர்கள், அதனால் சுடுதண்ணீரும் இனி வேண்டாம். சூடு தெரியாமல் கொப்புளமாகிவிடும்.)

காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்னால்: வலிக்கும் காலை மற்றத் தொடைமேல் போட்டு, கையால் விரல்கள் ஐந்தையும் முழங்கால் பக்கம் மடக்கி இழுக்க வேண்டும். மற்றக் கையால் உள்ளங்காலைத் தடவினால் பட்டை கிடார் கம்பி மாதிரி விறைத்து நிற்கும். அப்படி நின்றால்தான் சரியாக இழுக்கிறார் என்று அர்த்தம். பத்து எண்ணும் வரை பிடித்து விட்டு, பத்து முறை. ஒரு நாளில் மூன்று வேளை. முதல் வேளை தரையில் கால் படுவதற்கு முன் முடிந்திருக்க வேண்டும், அதில் சமரசம் இல்லை.

அடுத்தது பலப்படுத்துவது. மாடிப்படி விளிம்பில் முன்பாதம் மட்டும் ஊன்றி, ஒரு துண்டைச் சுருட்டி விரல்களுக்கு அடியில் வையுங்கள். விரல்கள் மேல்நோக்கி வளைந்து நிற்கும் அளவுக்குத் துண்டு இருக்க வேண்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்று எண்ணி மேலே, இரண்டு எண்ணி நிற்பது, மூன்று எண்ணி கீழே. ஒரு நாள் விட்டு ஒரு நாள். டென்மார்க்கில் 2015-ல் சோதித்த முறையில் 12 தடவை மூன்று சுற்றில் தொடங்கி, இரண்டு வாரம் கழித்து 10 தடவை நாலு சுற்று, நாலு வாரம் கழித்து 8 தடவை ஐந்து சுற்று என்று, முதுகுப் பையில் புத்தகம் போட்டு எடை கூட்டினார்கள். மூன்று மாதத்தில் வெறும் நீட்டல் பயிற்சியை விட நல்ல பலன். அம்மா இரண்டு காலாலும் சேர்த்துத் தொடங்கட்டும், தனிக்கால் பிறகு. சமநிலை சரியில்லை என்றால் படி வேண்டாம், சமதரையில் சுவரைப் பிடித்துச் செய்யலாம்.

ஊசி போட்டால் இந்தக் கால அட்டவணை மாறும். முதல் 48 மணி நேரம் வீட்டுக்குள் அவசியமான நடை மட்டும். மூன்றாம் நாளிலிருந்து மென்மையாக விரல் நீட்டல். துண்டுப் பயிற்சி இரண்டு வாரம் கழித்து. வலி இல்லை என்று அதற்கு முன் எடை ஏற்றினால் டாக்டர் சொன்ன அந்தப் பட் சத்தம்தான்.

செருப்பு: வீட்டுக்குள்ளும் வெறுங்கால் கூடாது. டைல்ஸ் தரை குதிகாலுக்கு எமன். எம்.சி.ஆர். (மெத்தென்ற ரப்பர்) செருப்பு, குதிகால் பக்கம் கொஞ்சம் உயரமாக, பின்வார் உள்ளதாக. அடுப்படியில் நிற்கும் இடத்தில் ஒரு ரப்பர் பாய். காய் நறுக்குவதை உட்கார்ந்து செய்யச் சொல்லுங்கள். கிரிவலம், பாதயாத்திரை ஏதாவது வேண்டுதல் இருந்தால் இந்த வருடம் தள்ளிப்போடட்டும். 14 கிலோமீட்டர் தார் ரோட்டில் வெறுங்காலில் போனால் ஊசியும் பயிற்சியும் வீண்.

---

கொள்ளிடம்:

உங்கள் யூகம் சரிதான், சுடுதண்ணீர் மட்டும்தான். சர்க்கரை டாக்டரைப் பார்த்துவிட்டு, ஆறு வாரம் பயிற்சி செய்து பார்த்து, தேவைப்பட்டால் ஸ்கேனோடு போடலாம் என்று இருக்கிறோம். போடும் நாளில் கவனிக்க வேண்டியது என்ன? அம்மா ஸ்கூட்டியில் போய் வருகிறவர்.

---

இன்சுலின்_நர்ஸ்:

அன்று ஸ்கூட்டி வேண்டாம். பிரேக் கையில் இருந்தாலும் சிக்னலில் காலைத்தானே ஊன்ற வேண்டும்? லிக்னோகெயினில் பாதம் மரத்திருக்கும்போது எங்கே ஊன்றுகிறோம் என்று தெரியாது. ஆட்டோவில் கூட்டிப் போங்கள். சாப்பாட்டையும் சர்க்கரை மாத்திரையையும் வழக்கம்போல் எடுக்கலாம், பட்டினி தேவையில்லை. ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை எடுத்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். காலைக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவாமல் போங்கள்.

மரப்பு இரண்டு மூன்று மணி நேரத்தில் விட்டதும் வலி திரும்பும். ஊசி வேலை செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம், ஸ்டீராய்டு பிடிக்க இரண்டு நாளிலிருந்து ஒரு வாரம் ஆகும். சிலருக்கு முதல் இரண்டு நாள் முன்னைவிட அதிகமாகவே வலிக்கும். துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம், தோலைப் பார்த்துப் பார்த்து, போதும். முகம் சிவந்து சூடாக இருப்பதும் ஓரிரு நாளில் போய்விடும். மூன்று நாளுக்குப் பிறகும் வலி கூடிக்கொண்டே போனாலோ, இடம் சிவந்து கொதித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சீழ் பிடித்தால் நாள் கடத்த முடியாது.

கிளம்புவதற்கு முன் மருந்தின் பெயர், எத்தனை மி.கி., எந்தக் கால், எந்த இடம், தேதி இவ்வளவையும் ஓபி சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு டாக்டரிடம் போனால் ‘ஏதோ வெள்ளை ஊசி போட்டாங்க’ என்பதை வைத்து அவர் ஒன்றும் முடிவு செய்ய முடியாது.